தொண்டைமானின் ஆயுத சாலையும் நம் வீரப் பேச்சும்

சென்ற செப்டம்பர் முதல் வாரத்தில் காஞ்சிபுரத்திலிருந்து நாங்கள் ஐவர் குடகுக்குச் சென்று வந்தோம். மூவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற நூலகர். ஐந்தாமவர் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்பவர். குடகர்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் கைல்போள்து என்னும் படைக்கலத் திருநாளைக் காண்பதே பயணத்தின் நோக்கம். திரும்பி வந்தபின், எங்கள் ஊர் இலக்கிய நண்பர்கள் சிலர் ஒரு திட்டத்தோடு எங்களை அணுகினார்கள். காஞ்சியிலும் அப்படியொரு விழாவை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். பழைய வாள், ஈட்டி, துப்பாக்கி வைத்திருப்போரைத் திரட்டிக் காட்சி வைக்க வேண்டும். குறிபார்த்துச் சுடும் போட்டியும் இருக்கலாம். அழைப்பிதழின் முகப்பில் ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டை அச்சிட வேண்டும். அதற்கு நாங்கள் உரை எழுதித் தர வேண்டும். இதுதான் கோரிக்கை.

எழுதித் தர இயலாது என்று சொல்லிவிட்டோம். காரணம் கேட்டார்கள். அந்தக் காரணமே இக்கட்டுரை. தொடக்கத்தில் எங்களுள் இருவருக்கு இத்திட்டம் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1

முதலில் கண்டதைச் சொல்லிவிடுகிறோம்.

கைல்போள்து, வயலில் நடவு முடிந்து உழவர் கை ஓயும் காலத்தில் வருவது. நடவு நாட்களில் ஓரமாக வைக்கப்பட்டிருந்த படைக்கலங்கள் அன்று விளக்கின் முன் எடுத்து வைக்கப்படுகின்றன. நாங்கள் தங்கிய வீட்டில் தோட்டாத் துப்பாக்கிகளோடு, வாய்வழியே மருந்து இடித்துச் சுடும் பழந்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. சந்தனம் பூசி, ஒவ்வொரு குழலின் முனையிலும் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். துப்பாக்கியைக் குடகர் ‘தோக்’ என்பர். அந்தப் பூவுக்குத் ‘தோக்பூ’ என்றே பெயர். அருகில் சென்று பார்த்தபோது எங்களுக்குச் சற்றுத் திகைப்பு. அது நம் காந்தள். குறிஞ்சித் திணையில் மகளிர் விரலுக்கு உவமையாக வகுப்பறையில் நாம் ஓயாமல் சொல்லும் அதே காந்தள், அங்கே துப்பாக்கி முனையில் இருந்தது.

பூசைக்குப்பின் பன்றிக் கறியும் கடம்புட்டுமாக விருந்து. மாலையில் திடலில் கூட்டம். உயர்ந்த மரத்தில் கட்டிய தேங்காயைக் குறிபார்த்துச் சுட வேண்டும். முதியவர்கள் சுட்டார்கள், பெண்கள் சுட்டார்கள். தேங்காய் சிதறியபோது நாங்களும் கைதட்டினோம். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு, வீட்டில் இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டு என்பது வழக்கம். பிறப்பையும் இறப்பையும் ஊருக்கு அறிவிக்கும் ஒரு பொருளை வெறும் கொலைக்கருவி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆகவே குடகர் மீது இக்கட்டுரையில் குறை ஏதும் இல்லை. அது அவர்கள் வாழ்க்கையோடு தொடர்ந்து வரும் வழக்கம். நம் கேள்வி வேறு: அதை நகல் எடுக்க நினைக்கும் நாம் எதைத் தேடுகிறோம்?

எங்களோடு வந்த நெசவாளர் அந்தப் பழந்துப்பாக்கியைக் காட்டி, “இது இன்னும் சுடுமா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் சிரித்து, சில சுடும், சில பூசைக்கு மட்டும் என்றார். நெசவாளர் எங்கள் பக்கம் திரும்பி, “எங்க தெருவுலயும் அப்படித்தான் சார். ஓடுற தறிக்குப் பொட்டு வைக்கக்கூட நேரம் இருக்காது. நின்னு போன தறிக்குத்தான் பூமாலை” என்றார். ஔவையாரின் அந்தப் பாட்டுக்கு இதைவிடச் சிறந்த உரையை நாங்கள் கேட்டதில்லை.

2

புறநானூறு 95ஆம் பாட்டு பாடப்பட்ட சூழலை அதன் அடிக்குறிப்பே தருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். தொண்டைமானின் ஊர் காஞ்சி என்பது மரபு. அப்படியானால், பழம்பொருள் காட்சியைப் பார்வையிட்டு எழுதப்பட்ட விமர்சனம் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் பிறந்துவிட்டது.

பாட்டின் பொருள் எளியது. இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு செப்பனிடப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க பெரிய மனையில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து எந்நேரமும் கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. இதைப் பாடாண் திணை, வாள் மங்கலத் துறை என்று வகுத்தார்கள். புகழ்வதுபோல் பழித்தாள், பழிப்பதுபோல் புகழ்ந்தாள் என்று நாமும் வகுப்பில் சொல்லி, இரண்டு மதிப்பெண் வினாவாக ஆக்கிவிட்டோம்.

விழா எடுக்க விரும்பும் நண்பர்கள் இப்பாட்டை எப்படி வாசித்தார்கள் என்பதுதான் வியப்பு. படைக்கலத்துக்குப் பூச்சூட்டி, எண்ணெய் பூசி, காட்சிக்கு வைக்கும் ஒரு விழாவின் அழைப்பிதழில், அப்படி வைப்பதையே எள்ளி நகையாடிய பாட்டை அச்சிடக் கேட்கிறார்கள். தொண்டைமான்கூட ஔவையின் பாட்டைத் தன் கொட்டிலின் வாசலில் எழுதி வைத்திருக்க மாட்டான்.

“அதனால் என்ன, பாட்டு அதியமானின் வீரத்தைப் போற்றுகிறதே” என்பார்கள். போற்றுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டு ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை, சோற்றையும் பேசுகிறது. இருந்தால் உணவு தருபவன், இல்லாவிட்டால் உள்ளதைப் பகிர்ந்து உண்பவன், இல்லாதவரின் சுற்றத்துக்குத் தலைவன் என்று அவனை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் அவனுடைய முறிந்த வேலைப் பற்றி அவர் பேசி முடிக்கிறார். மேடையில் இப்பாட்டைச் சொல்பவர்கள் கொல்லன் கொட்டிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சோற்றுப் பகுதி வீரப் பேச்சுக்கு உதவாது போலும்.

இன்னொன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். கொல்லன் கொட்டிலில் செப்பனிடப்பட்ட அந்த வேல்கள் அதியமானைக் காப்பாற்றவில்லை. தகடூர்ப் போருக்குப்பின் அவன் இறந்துபட்டான். 235ஆம் பாட்டில் அதே ஔவையார், அவன் மார்பைத் துளைத்த வேல் அங்கே நிற்கவில்லை என்கிறார். பாணரின் உண்கலத்தையும், இரப்போர் கையையும், சுற்றத்தார் கண்ணின் ஒளியையும் ஊடுருவி, புலவர் நாவில் போய் வீழ்ந்தது என்கிறார். ஒரு வேல் கொட்டிலில் கிடந்த நிலையையும், அது கடைசியாகச் சென்று சேர்ந்த இடத்தையும் ஒருவரே பாடியிருக்கிறார். 95ஐ மட்டும் அச்சிட்டு 235ஐ மறைப்பது பாதி சாட்சியத்தை மட்டும் ஏற்றுத் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும்.

3

நண்பர்களின் அடுத்த வாதம் வரலாறு சார்ந்தது: “குடகரிடம் ஆயுதம் இருக்கிறது, நம்மிடம் இல்லை; ஆகவே நாம் வீரம் இழந்தோம்.” கேட்கக் கிளர்ச்சி தரும் வாக்கியம். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் அறிவிப்பு வந்தது. பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும், மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கவும் அது வழிசெய்தது. அறுபது ஆண்டு கழித்து, 1861-இல், குடகரை ஆயுதக் களைவிலிருந்து விலக்கி ஆணையிட்டார் மைசூர், குடகு ஆணையராக இருந்த மார்க் கப்பன். அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று அவர்களின் விசுவாசம். 1878-இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. குடகரின் விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019-இல் ஒன்றிய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்தது. அவ்விலக்கை எதிர்த்த வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் அதைச் செல்லும் என்றது.

இதிலிருந்து பெறப்படுவது என்ன? யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதை வீரம் தீர்மானிக்கவில்லை. ஆட்சியின் நம்பிக்கை தீர்மானித்தது. எதிர்த்தவனிடமிருந்து பறித்தார்கள், நம்பியவனிடம் விட்டுவைத்தார்கள். வீரத்தால் இழந்த ஒன்றை, வீரம் இல்லாமையால் இழந்ததாக நாமே மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சிட்டது 1894-இல். ஆயுதச் சட்டம் வந்து பதினாறு ஆண்டு கழித்து. வாளும் வேலும் வீடுகளிலிருந்து போனபின்தான் அவை அச்சுப் புத்தகமாக நம் கைக்கு வந்தன. அதனால்தானோ என்னவோ, வீரம் நமக்கு உரத்து வாசிக்கும் பொருளாகவே அமைந்துவிட்டது.

நிகழ்காலத்துக்கும் வருவோம். வாய்வழியே மருந்து இடிக்கும் அதே துப்பாக்கி தமிழ்நாட்டில் நரிக்குறவர் கையில் இருந்தால், செய்தித்தாளில் அது ‘நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்’. செல்வர் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கினால் அது ‘மரபுச் செல்வம்’. 1959-ஆம் ஆண்டுச் சட்டமே, பழுதுபார்த்தாலும் சுட இயலாத பழந்துப்பாக்கிக்குத் தன் 45ஆம் பிரிவில் விலக்குத் தருகிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. சட்டத்தைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. நண்பர்கள் திரட்ட விரும்பும் விழாவுக்கு எவர் வருவார், எவர் வர அஞ்சுவார் என்பதை எண்ணிப் பார்க்கவே கூறுகிறோம். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியோடு வாழ்ந்த ஒரு தமிழ்நாட்டு மக்கள் கூட்டம் உண்டு. அவர்களுக்கு அந்த அழைப்பிதழ் போகுமா?

4

காஞ்சியில் பழந்துப்பாக்கி பற்றிப் பேசுபவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடம் புள்ளலூர். ஊரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவு. மகேந்திரவர்மன் காலத்தில் பல்லவரும் சாளுக்கியரும் பொருத இடம் அது. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கே சூழ்ந்து அழித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படையில் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. ராக்கெட்டால் தீப்பிடித்ததா, பீரங்கிக் குண்டாலா என்பதில் எழுதியவர்கள் மாறுபடுகிறார்கள். காஞ்சியில் பெரும் படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ வெடிச்சத்தம் கேட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. மறுநாள், இழுத்துச் செல்ல இயலாத கனத்த பீரங்கிகளை இவ்வூர்க் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று அதே புள்ளலூரில் ஐர் கூட்டின் படை ஹைதரோடு மீண்டும் மோதியது.

காஞ்சியின் துப்பாக்கி வரலாறு இதுதான். இதற்கு நம் ஊரில் என்ன நினைவு இருக்கிறது? புள்ளலூரில் 1781 சண்டையில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. இரு பக்கமும் மாண்ட சிப்பாய்களுக்குத் தனித்தனிப் பெயர் சொல்லும் கல் இல்லை. எரிந்த ஊர்களுக்கும், தறியை விட்டு ஓடிய நெசவாளருக்கும் கல் இல்லை. ‘ஹைதர் கலாபம்’ என்ற சொல் மட்டும் கிழவர்களின் வாயில் சில காலம் இருந்தது.

வெளியூர்களில் நிலைமை வேறு. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியமாக இருக்கிறது. அக்காட்சியைத் தாளில் தீட்டிய பழைய ஓவியம் 2022-இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. திப்புவின் வாள் ஒன்று 2023-இல் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. வாளுக்கும் விலை, ஓவியத்துக்கும் விலை. அந்த ஓவியத்தில் உடல் சிதறிக் கிடப்பவனின் பெயர் மட்டும் எவருக்கும் வேண்டாத பொருளாக இருக்கிறது. பழம்படைக்கலம் சேர்ப்பவர்கள்மேல் எங்களுக்குள்ள வருத்தம் அவர்கள் சேர்க்கிறார்கள் என்பது அன்று. உலோகத்தையும் வேலைப்பாட்டையும் சேர்த்துவிட்டு, அது யார்மேல் பாய்ந்தது என்ற குறிப்பை மட்டும் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

5

எங்கள் மறுப்பைக் கேட்டு வேறொரு நண்பர் மகிழ்ந்தார். அவர் அகிம்சைவாதி. “இந்தப் பொருட்களையெல்லாம் உருக்கிவிட வேண்டும்” என்றார். அவரோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. உருக்குவது இங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் படைக்கலங்களை 1860-களில் கும்பல் கும்பலாகக் குவித்து, பெரும்பகுதியை இரும்பு விலைக்காக உடைத்தார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி அதை வருத்தத்தோடு 1878-இல் எழுதி வைத்தார். தப்பியவற்றுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. உடைத்ததால் அகிம்சை வளர்ந்துவிடவில்லை. நம் கொல்லர்கள் என்ன செய்யத் தெரிந்தவர்கள் என்ற அறிவுதான் அழிந்தது. படைக்கலத்தை அழிப்பதும், பூச்சூட்டிப் புகழ்வதும் முடிவில் ஒன்றையே செய்கின்றன. அது சொல்ல வேண்டிய செய்தியைச் சொல்லவிடாமல் செய்கின்றன.

ஆகவே வைக்கத்தான் வேண்டும். ஔவை கேட்ட கேள்வியோடு வைக்க வேண்டும். ‘சக்கிமுக்கித் துப்பாக்கி, 18ஆம் நூற்றாண்டு’ என்ற ஒற்றை வரிச் சீட்டு போதாது. இது எங்கே வார்க்கப்பட்டது, யார் கையில் இருந்தது, எந்தப் போரில், எந்த ஆணையால் பறிக்கப்பட்டது என்று தெரிந்தவரை எழுத வேண்டும். சுடும் போட்டி வைப்பதும் பிழையன்று. அது கண்ணுக்கும் கைக்கும் மூச்சுக்குமான பயிற்சி, முறையான சங்கங்களில் இளைஞர்கள் அதைக் கற்கட்டும். விளையாட்டை விளையாட்டு என்றே அழைப்போம். அதற்குப் புறநானூற்றுப் பட்டம் கட்ட வேண்டாம்.

6

கடைசியாக ஒன்று. காஞ்சியில் ஆண்டுதோறும் படைக்கலத் திருநாள் இல்லை என்று யார் சொன்னது? நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அரசர்கள் வாளுக்குச் செய்த பூசையைத் தமிழ் மக்கள் தம் கருவிகளுக்குச் செய்யும் பூசையாக மாற்றிக்கொண்டார்கள். அச்சகத்தில் எந்திரத்துக்கும், பேருந்து நிலையத்தில் வண்டிக்கும், கொல்லன் பட்டறையில் சம்மட்டிக்கும் சந்தனம். எங்கள் ஊரில் தறிக்கும் நாடாவுக்கும் சந்தனம். ‘ஆயுதம்’ என்ற சொல்லின் பொருளையே உழைப்பின் பக்கம் திருப்பிய ஒரு மரபு நம் தெருவில் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு மீண்டும் வாளுக்குப் போக வேண்டும் என்பது முன்னேற்றமா?

ஆனால் அந்த ஆயுதத்தின் நிலையையும் ஔவையின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டுக்கடை முகப்பிலும் பெரிய விடுதிக் கூடத்திலும் தறி ஒன்றை மெருகேற்றி, மாலை சூட்டி, விளக்கொளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாவு ஏற்றியிருக்கும், ஒரு முழம்கூட நெய்யப்படாது. ஊடை அறுந்து, மிதி தேய்ந்து, தச்சனையும் கடனையும் எதிர்நோக்கிக் கிடக்கும் தறிகள் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் இருக்கின்றன. முன்னது தொண்டைமானின் கொட்டில். பின்னது கொல்லனின் குடில். தறிகளும் வேகமாகப் பழம்பொருளாகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வகுப்பில் இருக்கும் நெசவாளர் பிள்ளைகளுள் கோர்வை போடத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. இன்னும் முப்பது ஆண்டில் இவ்வூரில் தறி சேகரிப்போர் சங்கம் ஒன்று தோன்றி, ஆண்டுவிழா எடுத்து, அதன் அழைப்பிதழிலும் ஒரு சங்கப்பாட்டை அச்சிடக்கூடும். அன்று உரை எழுதக் கேட்டு வருபவர்களுக்கும் எங்கள் மறுமொழி இதுவே.

விழாக் குழு நண்பர்களுக்கு ஒரு மாற்று யோசனை. திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு புள்ளலூரில் ஒரு கல் நடுவோம். பெயர் தெரியாத சிப்பாய்களுக்கும், அன்று தறியை விட்டு ஓடியவர்களுக்கும் அது உரியதாகட்டும். செப்டம்பர் 10 அன்று மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று 95ஆம் பாட்டையும் 235ஆம் பாட்டையும் அடுத்தடுத்துப் படிப்போம். அதற்கு உரை வேண்டுமென்றால் இன்றிரவே எழுதித் தருகிறோம்.